கணினிக்கு நீர்க் குளிர்ச்சி: உறுப்புகளைத் தேரும் முறை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி, பூப்பாறையைக் கடந்து, சின்னக்கானலுக்குச் செல்லும் ஜீப்புகளையும் லாரிகளையும் நம்மில் பலர் அறிவோம். ஏற்றம் மிகுந்த வளைவுகளில் வண்டி திணறும்பொழுது ஓட்டுநரின் பார்வை எஞ்சின் உஷ்ணத்தைக் காட்டும் முள்ளின்மீது செல்லும். எஞ்சினில் பிறக்கும் வெப்பத்தை நீர் ஏந்திச் சென்று, முன்புறத்தில் உள்ள ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. வெப்பம் தணிந்த நீர் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. வண்டிகளில் நெடுங்காலமாக நடந்துவரும் இந்த ஏற்பாடே இன்று மேசைமேல் வைக்கும் கணினிக்குள்ளும் புகுந்திருக்கிறது.

சின்னக்கானல், சூரியநெல்லி வட்டாரத்துத் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கொச்சி, பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில் வேலை பார்க்கிறார்கள். திரைப்படத் தொகுப்பு, முப்பரிமாணச் சித்திரம், கட்டடப் படம் வரைதல், கணினி விளையாட்டு ஆகியவற்றுக்கு ஆற்றல் மிக்க கணினி வேண்டியிருக்கிறது. அத்தகைய கணினியை உறுப்பு உறுப்பாக வாங்கித் தாமே பூட்டுவோர், அதற்கு நீர்க் குளிர்ச்சியும் தாமே அமைக்க விழைகின்றனர். நல்லதொரு அமைப்புக்குச் சில பத்தாயிரம் ரூபாய் செலவாகும். பல மாதச் சேமிப்பைக் கரைக்கும் இவ்வேலையில் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற ஒழுங்கு தெரியாவிட்டால், பணத்தோடு கணினியும் கெடும். அந்த ஒழுங்கையே இங்கு ஆராய்வோம்.

அடிப்படையான உண்மை ஒன்றை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வோம். நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. சுமந்து செல்கிறது, அவ்வளவே. ஒரே கொள்ளளவுள்ள காற்றோடு ஒப்பிட்டால், நீர் மூவாயிரம் மடங்குக்கு மேற்பட்ட வெப்பத்தைச் சுமக்க வல்லது. ஆனால் சுமந்ததை இறுதியில் இறக்கிவைக்கும் இடம் அறையின் காற்றுதான். நம் வீட்டு மண்பானை நீர் அறையைவிடக் குளிர்ந்திருக்கிறதே என்று நேயர்கள் கேட்கலாம். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்பொழுது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. கணினியில் ஓடும் நீரோ மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, ஆவியாக வழியில்லை. ஆதலால் அது ஒருபோதும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. நன்கு அமைந்த அமைப்பில், கடும் வேலையின்போது நீர் அறையைவிட 10 முதல் 15 டிகிரி கூடுதலாக இருக்கும்.

இம்முறை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களில் உருவாக்கிய சிஸ்டம்/360 வரிசையின் 91-ஆம் மாதிரிக் கணிப்பொறியிலேயே நீர்க் குளிர்ச்சி இருந்தது. 1985-இல் வெளிவந்த க்ரே-2 என்னும் மீத்திறன் கணினியின் மின்சுற்றுகள், மின்சாரம் கடத்தாத தனித் திரவம் ஒன்றில் மூழ்கியே வேலை செய்தன. நம் நாட்டிலும் திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ என்னும் மீத்திறன் கணினி, நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் செய்ய வல்லது. செயலிகளின்மேல் நேரே திரவத்தைச் செலுத்தும் முறையிலேயே அதன் வெப்பம் அகற்றப்படுகிறது. வீட்டு மேசைக்கும் இம்முறை வந்து ஆண்டுகள் பல ஆயின. 2004-இல் ஆப்பிள் நிறுவனம் பவர் மேக் ஜி5 கணினியின் உயர்தர வகையைத் திரவக் குளிர்ச்சியோடு விற்றது. அவற்றுள் சில பிற்காலத்தில் கசிந்தன. பெரிய நிறுவனத்தின் கைவண்ணத்திலும் கசிவு நேரும் என்பதை நாம் எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

இனி, நமக்கு இது தேவைதானா என்ற கேள்வி. சின்னக்கானலில் அறையின் வெப்பம் 20 டிகிரி என்று கொள்வோம். அங்கு நீர் 30 அல்லது 35 டிகிரியில் நிற்கும். கோடையில் டில்லியிலோ நாகபுரியிலோ குளிர்சாதனம் இல்லாத அறை 40 டிகிரியை எட்டினால், அதே அமைப்பில் நீர் 50 அல்லது 55 டிகிரியாகும். மலையில் இன்னொரு நுட்பமும் உண்டு. கடல்மட்டத்துக்கு 1500 மீட்டர் மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. விசிறி ஒரே வேகத்தில் சுழன்றாலும் அது தள்ளும் காற்றின் எடை அந்த அளவுக்குக் குறையும். ஆயினும் மலைக்காற்றின் தண்மை அக்குறையை ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே சின்னக்கானல் போன்ற இடத்தில், நடுத்தர ஆற்றலுள்ள கணினிக்கு நல்லதொரு காற்றுக் குளிர்விப்பானே பெரும்பாலும் போதும். நகர வெப்பத்தில், பல மணி நேரம் இடைவிடாது உழைக்கும் கணினியை ஓசை குறைவாக ஓட்ட விரும்புவோருக்கே நீர்க் குளிர்ச்சியின் பயன் முழுமையாகக் கிட்டும். தொழிற்சாலையிலேயே பூட்டி அடைத்து விற்கப்படும் ஒற்றைத் தொகுதிகளும் உள்ளன. செயலியை மட்டும் குளிர்விக்க வேண்டின், அத்தொகுதி செலவிலும் கவலையிலும் குறைந்தது.

இவற்றையெல்லாம் எண்ணிய பிறகும் தாமே அமைக்கத் துணிவோர், முதலில் செய்ய வேண்டியது சுமையைக் கணக்கிடுதல். கணினியில் பெரும் வெப்பம் தருவன இரண்டு: ஒன்று மையச் செயலி, மற்றது கிராபிக்ஸ் அட்டை. இவற்றின் மின்பயன்பாடு வாட் கணக்கில் தயாரிப்பாளரின் குறிப்பில் இருக்கும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7 7800எக்ஸ்3டி செயலியின் வெப்பக் குறியீடு 120 வாட். இன்டெல் கோர் ஐ9-14900கே உச்ச வேகத்தில் 253 வாட் வரை செல்லும். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டை தனியாகவே 450 வாட் உண்ணும். உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். இரண்டையும் கூட்டினால் நம் சுமை தெரிந்துவிடும்.

சுமை தெரிந்தபின் தேர வேண்டிய முதல் உறுப்பு ரேடியேட்டர். புதியவர்கள் பலர் பளபளக்கும் பிளாக்கையும் வண்ண விளக்கையும் முதலில் வாங்கிவிட்டு, எஞ்சிய பணத்தில் சிறிய ரேடியேட்டரை வாங்குகின்றனர். வெப்பத்தை இறக்கிவைக்கும் துறை குறுகலாயிருந்தால் எத்துணை விலையுயர்ந்த பிளாக்கும் பயன்படாது. ரேடியேட்டர்கள் 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறியின் மடங்காக அளக்கப்படுகின்றன. 240 என்றால் இரண்டு விசிறி, 360 என்றால் மூன்று. மிதமான வேகத்தில் சுழலும் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறிப் பரப்புக்கு 100 வாட் என்பது அமைப்பாளர் கையாளும் தோராயக் கணக்கு. அதன்படி செயலியும் அட்டையும் சேர்ந்து 350 வாட் தரும் கணினிக்கு 360 அளவுள்ள ரேடியேட்டர் ஒன்றும், இடமிருந்தால் 240 அளவுள்ள இன்னொன்றும் போதுமானவை. 600 வாட்டுக்கு 360 இரண்டு வேண்டும். கோடை வெப்பம் மிகுந்த ஊரில் வாழ்வோர் இதனினும் சற்றுக் கூட்டிக்கொள்வது நலம்.

வாங்குமுன் கேபினட்டின் உட்புறத்தை அளவுகோலால் அளந்துகொள்ள வேண்டும். ரேடியேட்டரின் பருமன் 30 மில்லிமீட்டர், விசிறியின் பருமன் 25 மில்லிமீட்டர் என்றால், 55 மில்லிமீட்டர் இடம் அதற்கே போய்விடும். குழாய் வளைய இடம் வேறு வேண்டும். ரேடியேட்டரின் தகடுகள் நெருக்கமாயிருந்தால் விசிறி வேகமாகச் சுழல வேண்டும், ஓசை பெருகும். அமைதியை விரும்புவோர் தகடுகள் சற்று விலகியுள்ள வகையைத் தேர்வர். விசிறியிலும், திறந்த வெளிக்கு ஏற்றதைவிட, இடுக்குகளின் ஊடே காற்றை அழுத்தித் தள்ளும் வகையே ஏற்றது.

அடுத்து உலோகம் பற்றிய விதி. இது ஒன்றில் தவறினால் மற்ற யாவும் வீண். நம் பாட்டிமார் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கமாட்டார்கள். உலோகம் தன்னைத் தொடும் திரவத்தோடு வினைபுரியும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள். இரு வேறு உலோகங்கள் ஒரே நீரில் நனைந்து, ஒன்றோடொன்று மின்தொடர்பும் பெற்றால், அங்கு ஒரு மின்கலமே உருவாகிவிடுகிறது. 1800-ஆம் ஆண்டில் வோல்ட்டா தம் மின்அடுக்கை அமைத்ததும் இந்தத் தத்துவத்தின் மீதே. செம்பும் அலுமினியமும் இவ்வாறு கூடினால் அலுமினியம் அரிக்கப்படும். அதன் துகள் பிளாக்கின் நுண்வாய்க்கால்களை அடைக்கும். நாளடைவில் ரேடியேட்டர் ஓட்டையாகும். செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே நீர் தொடும் உறுப்பு அனைத்தும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். மலிவு விலை ரேடியேட்டர்கள் பல அலுமினியத்தால் ஆனவை. நீர் ஓடும் பாகம் எந்த உலோகம் என்று கேட்டறியாமல் வாங்கலாகாது.

பிளாக் என்பது செயலியின் தலைமேல் அமரும் செம்புக் கட்டி. அதன் உட்புறத்தில் மயிரிழை போன்ற வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்கும். நீர் அவற்றினூடே பாய்ந்து வெப்பத்தைக் கவர்கிறது. செயலிக்கான பிளாக்கை வாங்கும்போது அதன் பிடிப்பு நம் மதர்போர்டின் சாக்கெட்டுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும், ஏ.எம்.5-க்கும் எல்.ஜி.ஏ.1700-க்கும் பிடிப்பு வேறு வேறு. கிராபிக்ஸ் அட்டைக்கான பிளாக்கோ இன்னும் கண்டிப்பானது. ஒரே பெயருடைய அட்டையை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு அமைப்பில் வெளியிடுகின்றன. ஒன்றுக்கு உரிய பிளாக் மற்றொன்றுக்குப் பொருந்தாது. அட்டையை மாற்றினால் பிளாக்கையும் மாற்ற வேண்டும். அட்டையின் மூல விசிறியைக் கழற்றினால் உத்தரவாதம் நீடிக்குமா என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நலம். செலவைச் சுருக்க விரும்புவோர் முதலாண்டில் செயலியை மட்டும் நீருக்கு மாற்றி, அட்டையைப் பின்னர் சேர்க்கலாம். அதற்கேற்ற ரேடியேட்டர் இடத்தை மட்டும் முன்பே ஒதுக்கிவைக்க வேண்டும்.

பம்பு இந்த அமைப்பின் இதயம். வழக்கில் உள்ளவை இரு வகை: டி5 என்பது ஒன்று, டி.டி.சி. என்பது மற்றொன்று. டி5 சற்றுப் பெரியது, ஓசை குறைந்தது, டி.டி.சி. சிறியது, ஆனால் சூடேறும். முதன்முறை அமைப்போருக்கு வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள டி5 ஏற்றது எனலாம். நிமிடத்துக்கு 3 அல்லது 4 லிட்டர் நீர் ஓடினால் போதும்; அதற்கு மேல் ஓட்டத்தைக் கூட்டுவதால் பெரும்பயன் இல்லை. நீரை மேலே ஏற்ற வேண்டுமே, பம்பு தாங்குமா என்று அஞ்ச வேண்டியதில்லை. மூடிய சுற்றில் ஏறும் நீரின் எடையை இறங்கும் நீரின் எடை சமன் செய்துவிடும். பம்பு வெல்ல வேண்டியது குழாயும் பிளாக்கும் தரும் உராய்வை மட்டுமே. ஆனால் பம்பு நீரின்றி வறண்டு ஓடலாகாது. அதன் தாங்கியை வழவழப்பாக வைப்பதே அந்த நீர்தான். எனவே நீர்த்தொட்டி பம்புக்கு மேலாக அமைய வேண்டும். தொட்டியும் பம்பும் ஒன்றாய் இணைந்த தொகுதியை வாங்கினால் இக்கவலை தீரும்.

குழாய்களில் மென்மையானவையும் விறைப்பானவையும் உண்டு. விறைப்பான குழாய் கண்ணுக்கு அழகு. ஆனால் சூடு காட்டி வளைத்து, மில்லிமீட்டர் பிசகாமல் வெட்ட வேண்டும். பி.இ.டி.ஜி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆன குழாய், நீர் 60 டிகிரியை நெருங்கினால் இளகிப் பிடிப்பு நழுவக்கூடும். வெப்ப நாட்டு நகரங்களில் இதை மறக்கலாகாது. முதல் முயற்சிக்கு மென்குழாயே உகந்தது. அதிலும் இ.பி.டி.எம். என்னும் கரிய ரப்பர்க் குழாய் நெடுநாள் உழைக்கும். குழாயின் உள்விட்டம், வெளிவிட்டம் ஆகிய இரண்டும் இணைப்புக்குப் பொருந்த வேண்டும். 10க்கு 16 மில்லிமீட்டர் குழாய் சுவர் தடித்தது, வளைவில் மடங்காது. இணைப்புகளின் திருகு பெரும்பாலும் ஜி 1/4 என்னும் பொது அளவு. ஒவ்வோர் உறுப்புக்கும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு ஃபிட்டிங் வேண்டும். பிளாக் இரண்டு, ரேடியேட்டர் ஒன்று, தொட்டியோடு கூடிய பம்பு ஒன்று என்றால் எட்டு ஃபிட்டிங். தாழ்ந்த இடத்தில் நீரை வடிக்க ஒரு வால்வும், கையிருப்பாக இரண்டு ஃபிட்டிங்கும் சேர்த்து வாங்குவது அறிவுடைமை. திருகைக் கையால் முடுக்கினாலே போதும். குறடு கொண்டு முறுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் நசுங்கிக் கசியும்.

எந்தெந்த வரிசையில் உறுப்புகளை இணைப்பது என்பது பற்றிப் பலர் வீணே குழம்புகின்றனர். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் நீரில் 400 வாட் வெப்பம் சேர்ந்தாலும், அந்நீரின் வெப்பம் ஒரு சுற்றில் ஏறத்தாழ ஒன்றரை டிகிரிதான் உயரும். செயலிக்கு முன்னா பின்னா ரேடியேட்டர் என்பதால் பெரிய வேறுபாடு நேராது. தொட்டிக்கு அடுத்துப் பம்பு என்ற ஒன்றைக் காத்து, மற்றவற்றைக் குழாய் நேராகச் செல்லும் வழியில் இணைக்கலாம்.

திரவத்தில் சிக்கனம் வேண்டாம். சின்னக்கானலின் பவர் ஹவுஸ் அருவி நீர் எவ்வளவு தெளிவாயிருப்பினும் அதில் கரைந்த உப்பும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் உண்டு. நகரத்துக் குழாய்நீருக்கும் ஆழ்துளைக் கிணற்று நீருக்கும் சொல்லவே வேண்டியதில்லை. பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவு பிளாக்கின் வாய்க்கால்களிலும் படியும். காய்ச்சி வடித்த நீரில் பாசியைத் தடுக்கும் மருந்தும் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் கலந்து ஊற்ற வேண்டும். அல்லது கலந்தே விற்கப்படும் தெளிவான கூலன்டை வாங்கலாம். பால்போலும் முத்துப்போலும் மின்னும் வண்ணத் திரவங்கள் சில மாதங்களில் அடியில் தங்கி அடைப்பை உண்டாக்கும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்டு இனிப்புச் சுவையுடையது, நஞ்சுமாகும். குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது நல்ல வழக்கம்.

மழைக்காலத்தில் மேகமே வீட்டுக்குள் புகும் மலையூரில், குளிர்நீர்க் குழாயின்மேல் பனித்துளி படியாதா என்ற ஐயம் இயல்பு. முன்னர்ச் சொன்னபடி, இந்த நீர் அறையைவிடக் குளிர்வதில்லை. ஆகவே துளி படியாது. குளிர்ந்த இடத்தில் கிடந்த கணினியைச் சட்டென்று வெப்பமும் ஈரமும் மிகுந்த அறைக்குக் கொண்டுவந்தால் மட்டும், சில மணி நேரம் பொறுத்து இயக்குவது நன்று. இடிமின்னலும் மின்தடையும் மிகுந்த இடங்களில் யு.பி.எஸ். அவசியம். பம்பின் வேகத்தைக் காட்டும் கம்பியை மதர்போர்டோடு இணைத்து எச்சரிக்கையை அமைத்துவிட்டால், பம்பு நின்றவுடன் கணினி நமக்கு அறிவிக்கும்.

யாவும் பூட்டியபின் சோதனை. அரை பார் அளவு காற்றழுத்தத்தைச் சுற்றுக்குள் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று காட்டும் சிறு கருவி கிடைக்கிறது. அதன்பின் நீரை ஊற்றி, ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் உறிஞ்சுதாளை வைத்து, பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துப் பல மணி நேரம் ஓடவிட வேண்டும். மற்ற உறுப்புகளின் மின்கம்பிகள் கழற்றப்பட்டிருந்தால், கசிந்தாலும் துடைத்து உலர்த்திவிடலாம். இந்தப் பொறுமை ஒரு நாளை எடுத்துக்கொள்ளும். பல மாத உழைப்பின் பயனைக் காக்கும்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்குத் தனியே ஒரு சொல். வேலை மாறும்போது வீடு மாறுகிறது, ஊர் மாறுகிறது. நீர் நிறைந்த கணினியை லாரியிலும் ரயிலிலும் ஏற்றுவது ஆபத்து. ஆகவேதான் நீர் வடிக்கும் வால்வை வற்புறுத்தினோம். நீரை வடித்து, கனமான பிளாக் பூட்டிய அட்டையைத் தனியே கழற்றிப் பொதிந்து அனுப்ப வேண்டும். புதிய ஊரை அடைந்ததும் மேற்சொன்ன சோதனையை மீண்டும் செய்தல் வேண்டும். அடிக்கடி இடம்பெயரும் நிலையில் உள்ளோர் இந்த உழைப்பையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டு, நீரா காற்றா என்று முடிவு செய்யட்டும்.

வாங்கிய உறுப்புகளின் பெயர், குழாயின் அளவு, கூலன்டின் வகை, ஊற்றிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கேபினட்டின் உட்புறத்தில் ஒட்டிவைத்தால், அடுத்த ஆண்டு திரவம் மாற்றும்போது நாமோ, வேற்றூரில் நமக்கு உதவ வரும் நண்பரோ, தேடாமலும் தடுமாறாமலும் வேலையைத் தொடங்கலாம்.